மண்ணுக்கு வந்த கடிதம்

எங்கள் வீட்டு நடு அறைச் சுவரில் மூன்று படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று நயினாதீவு அம்மன். இன்னொன்று என் கலியாணப் படம். அதில் நான் முறைத்துக்கொண்டு நிற்பேன். இரண்டுக்கும் நடுவில், கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, ஓர் அரசாங்கக் கடிதம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அம்மனுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு அதே விரலால் கடிதத்துக்கும் ஒன்று வைப்பார். என் கலியாணப் படத்துக்கு மட்டும் பொட்டுக் கிடையாது.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற ஆசை எனக்கில்லை. "நீங்கள் அனுப்பிய பையில் இருந்தது மண் அல்ல. அது ஆட்டெரு. தயவுசெய்து உங்கள் நிலத்து மண்ணை அனுப்பவும்." அவ்வளவுதான், மூன்று வசனம். இந்த மூன்று வசனத்தையும் நம்பித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. வேலணையில் எங்கள் பக்கத்துக்கு ஒரு விவசாயப் போதனாசிரியர் வந்தார். காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்ட மேசு, சைக்கிள். வாசிகசாலையில் தோட்டக்காரர்களைக் கூட்டி ஆளுக்கொரு துணிப் பை கொடுத்தார். தோட்டத்தில் ஒன்பது இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கிண்டி, எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து, நிழலில் உலர்த்தி, இரண்டு கை மண் தரவேண்டும். தென்பகுதியில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்களாம்.

"உள்ளதை உள்ளபடி எடுங்கோ," என்றார் அவர். "மண்ணிலை என்ன குறை எண்டு தெரிஞ்சால்தான் என்ன பசளை போடுறதெண்டு சொல்ல ஏலும்."

குறை என்றதும் கூட்டம் கலவரப்பட்டது. எங்கள் ஊர்ச் சனம் தங்கள் குறையை நாடி பிடிக்கிற பரியாரியாருக்கே பாதிதான் சொல்லும். ஊருக்கு வெளியே இலக்கம் போட்டு அனுப்பித் திருத்தப்படுகிற எதுவும் பாஸ் பண்ணியே ஆகவேண்டும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. பிள்ளையாக இருந்தால் என்ன, மண்ணாக இருந்தால் என்ன? அன்று பின்னேரமே ஊர் முழுக்க மண்ணைச் சோதனைக்குத் தயார்ப்படுத்தத் தொடங்கிவிட்டது.

ஒருவர் மண்ணை மா அரிக்கிற அரிதட்டில் மூன்று தரம் அரித்தார். இன்னொருவர் கோயில் நந்தவனத்து மண்ணை அள்ளிவந்து, சுவாமிக்குச் சேர்ந்ததென்றால் எல்லாருக்கும் சேர்ந்ததுதானே என்று நியாயம் சொன்னார். ஒழுங்கைக் கடைசி வீட்டு அக்கா, போகிற வழியில் ஈரம் பிடித்துப் பழுதாகிவிடும் என்று மண்ணைத் தாச்சியில் போட்டுப் பொன்னிறமாக வறுத்தே எடுத்துவிட்டார். வாசம் வந்ததும் இறக்கினாராம். மண் வறுத்த வாசம் எப்படியிருக்கும் என்று நான் கேட்டதற்கு, "நல்ல மண்ணெண்டால் நல்ல வாசம்தான் வரும்," என்று என்னை ஏசினார்.

எங்கள் ஐயாவுக்கு இருந்த சங்கடம் வேறு. எனக்கென்று எழுத வைத்திருந்த சீதனக் காணி கடற்பக்கமாய்ப் பத்துப் பரப்பு. முழுக்க உவர். மாசி பங்குனியில் நிலம் மேலே வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். வெண்டிகூடக் கண் விழித்துப் பார்த்துவிட்டுச் செத்துவிடும். அதைவிட்டால் எங்களிடம் வேறு காணியில்லை.

எனக்குப் பேசி வந்த இடம் கரம்பொன். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். மாப்பிள்ளையின் தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தே அதன் குலம் கோத்திரம் சொல்லக்கூடியவர் என்று பெயர். அவர் முதல்முதல் வந்த அன்று நான் சேலை உடுத்து, பூ வைத்து, குசினிக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றேன். மனிதர் வீட்டுக்குள் வரவேயில்லை. நேரே காணிக்குப் போய், ஒரு கிள்ளு மண்ணை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். ஐயா காணிக் கிணற்றுத் தண்ணீரையே அள்ளிக் கொடுத்தார். அது மண்ணைவிட உப்பு. "யோசிச்சுச் சொல்லுறம்," என்றுவிட்டுப் போய்விட்டார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்க்காமலே போனது எங்கள் ஒழுங்கையில் அதுதான் முதல் தரம். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பூவைப் பிய்த்து அடுப்பில் போட்டேன்.

அந்தக் கிழமைதான் துணிப் பை வந்தது. ஐயா பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுந்து ஆட்டுப்பட்டிக்குப் போய், அடியிலே கிடந்த, மூன்று மாரி கண்டு உக்கிக் கறுத்த எருவை வாரிக்கொண்டு வந்தார். அதை அம்மாவின் உரலில் போட்டு இடித்தார். அரிசி இடிக்கிற உரலில் ஆட்டுப் புழுக்கையை இடிப்பதா என்று அம்மா கத்தினார். "உன்ரை மகளுக்குக் கலியாணம் வேணுமோ, உனக்கு உரல் வேணுமோ?" என்று ஐயா கேட்டார். கடைசியில் பெயருக்குக் காணி மண் ஒரு சிட்டிகை சேர்த்தார். திருநீறு போடுவதுபோல் மூன்று விரலால் எடுத்துப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுமொழி வர மாதங்கள் ஆயின. ஊரில் எல்லாருக்கும் அச்சடித்த படிவம்தான் வந்தது. கட்டங்களுக்குள் அங்குமிங்கும் பேனைக் கீறல். எங்களுக்கு மட்டும் தனியாகத் தட்டச்சடித்த கடிதம். மேலே இலச்சினை, கீழே கையெழுத்து, பக்கத்தில் வட்ட முத்திரை. ஒழுங்கையே எங்கள் முற்றத்தில் கூடிவிட்டது. மற்றவர்களுக்குப் படிவம், இவர்களுக்குக் கடிதம் என்றால் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருக்கமுடியும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். முதலாம் பிரிவில் பாஸ்.

இருந்தாலும் ஒருதரம் வாசித்துவிட்டால் நல்லதென்று, தெற்கில் நெடுங்காலம் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் சிங்களம் கதைத்தால் சிங்களவரே வாய் பார்ப்பார்களாம். கதைக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது என்பதை அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அன்றும் அவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லுவாரா? கடிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார், தலையை மெல்ல ஆட்டினார்.

"மெத்தப் பெரிய ஆள் எழுதியிருக்கிறார்," என்றார். "மண்ணைப் புகழ்ந்திருக்கிறார். இதை வைச்சிருங்கோ, கவனமா வைச்சிருங்கோ."

கரம்பொன்னுக்குச் செய்தி போனது. மாப்பிள்ளையின் தகப்பன் மறுபடியும் வந்து, எங்கள் கதிரையில் இருந்து, கடிதத்தின் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். நயினாதீவு விகாரையில் இருக்கிற பிக்குவிடம் கொண்டுபோனால் சொல்லுக்குச் சொல் வாசிப்பாரே என்று கூட வந்த தரகர் ஒரு யோசனை சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. "அரசாங்கம் முத்திரை குத்தி அனுப்பினதை ஆரும் வாசிச்சுத்தான் நம்புறதோ? என்ரை நாக்குப் பிழைக்கும், அரசாங்கம் பிழைக்காது," என்றார். அன்று ஒருவழியாக என்னையும் பார்த்தார்கள்.

கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி என்னவர் எங்கள் வீட்டுக்கே வந்து குடியிருந்தார். காலையில் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் கந்தோருக்குப் போவார். பின்னேரம் ஐந்தரை பஸ்ஸில் வந்து இறங்குவார். அதிகம் கதையாத மனிதர். எனக்கு நேர்மாறு. ஆனால் என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். கோபத்திலும் அந்த மரியாதை குறைந்ததில்லை.

முதல் வருடம் காணியில் வெங்காயம் வைத்தோம். கடிதம் வந்த மண்ணுக்கு எரு எதற்கு என்று ஒருவரும் ஒரு கடகப்பெட்டி எருக்கூடப் போடவில்லை. ஐயாவுமேதான். உரலில் இடித்தது அவர் கைதான் என்றாலும், ஊரே வந்து புகழ்ந்த பிறகு அவருக்கே அது தன் காணி மண்தான் என்ற எண்ணம் வந்துவிட்டது. விதைப்புக்கு முன் அக்கம்பக்கத்தவர்கள் தங்கள் விதைக் கூடைகளைக் கொண்டுவந்து கடிதத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் பிடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் தோட்டமெல்லாம் நன்றாக விளைந்தது. எங்கள் காணியில் வெங்காயம் குன்றிமணியளவில் வந்து, அதன்மேல் உப்புப் பூத்துக் கிடந்தது. கண்ணூறு என்று அம்மா சொன்னார். அவ்வளவு சனம் வந்து பார்த்தால் கடிதம் தாங்குமா?

ஆகவே கடிதத்தை நயினாதீவு அம்மனிடம் கொண்டுபோய் அர்ச்சனை செய்வதென்று முடிவாயிற்று. ஐயா, அம்மா, கைப்பிள்ளையோடு நான். சட்டத்தோடு கடிதத்தைத் துவாயில் சுற்றி, ஐயா படகில் மடியிலே வைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் பிள்ளை, அவரிடம் கடிதம். இரண்டு பேரும் அலையடிக்கும்போது ஒரே மாதிரிக் குனிந்து மறைத்துக்கொண்டோம். கோயிலில் ஐயர் யார் பேருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். ஐயா கடிதத்துத் திகதியை வைத்துப் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். "பேர் மண், நட்சத்திரம் கார்த்திகை," என்றார். ஐயர் மனம் கோணாமல் அப்படியே சொல்லி அர்ச்சித்தார்.

நாங்கள் மடத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, கடற்கரைப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன் என்று ஐயா கடிதத்தோடு போனார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. சாப்பிடவில்லை. திரும்பி வருகிற படகில் கடிதத்தைக் காலடியில் வைத்திருந்தார். வெயில் குடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

அடுத்தநாள் காலை என்னவர் பஸ் ஏறிய கையோடு ஐயா சாரத்தைக் கழற்றிக் கோவணம் கட்டிக்கொண்டு காணிக்கு இறங்கினார். அன்றைக்குப் பிடித்த விசர் இருபது வருடம் விடவில்லை.

முதலில் காணியைச் சுற்றி உயர வரம்பு கட்டினார், மாரி மழை ஒரு சொட்டும் வழிந்தோடாமல் நின்று உப்பைக் கழுவட்டும் என்று. பிறகு கடற்கரைக்குப் போய், அலை ஒதுக்கிவிட்ட சாதாழைப் பாசியை வண்டில் வண்டிலாய் ஏற்றிவந்து, மழையில் ஊறவிட்டு உப்பு வடிந்தபின் நிலத்தில் தாட்டார். பூவரசங்குழை, வேப்பங்குழை, கிடங்கு வெட்டிப் பழைய பனையோலை. கரையோரக் கத்தோலிக்கச் சனம் மீன் வெட்டிக் கழித்த செதிலையும் குடலையும் வாளியோடு கேட்டு வாங்கிவந்து புதைத்தார். கடலில் போகிற அந்த மனிதர்கள், சுத்த சைவமான எங்கள் ஐயா ஒவ்வொரு நாளும் மீன் குடலுக்கு வந்து நிற்பதைப் பார்த்து, இரகசியமாய்ச் சாப்பிடப் பழகிவிட்டார் என்று நினைத்து நல்ல மீனாய் இரண்டு வாழையிலையில் சுற்றிக் கொடுத்தும் விட்டார்கள். ஐயா கை கூப்பி வாங்கி, அதையும் தாட்டார்.

எல்லாம் என்னவருக்குத் தெரியாமல். ஐந்தரை பஸ்ஸின் சத்தம் தூரத்தில் கேட்டதும் மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடி, கிணற்றில் நாலு வாளி அள்ளி வார்த்து, திருநீறு பூசி, வெள்ளைச் சாரத்தோடு கதிரையில் போய் இருந்துவிடுவார். பேப்பர் தலைகீழாக இருக்கும்.

"என்ன மாமா, ஒரு மணமாக் கிடக்கு?" என்பார் என்னவர்.

"கடற்காத்துத் தம்பி. இண்டைக்கு மாறி அடிக்குது."

நான் ஐயாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அரசாங்கமே நல்ல மண் என்று எழுதித் தந்த காணிக்கு எதற்கு இந்தப் பாடு? "உனக்கு விளங்காது பிள்ளை. அவருக்குச் சொல்லிப்போடாதை," என்றார். மருமகன் தன்னைத் தோட்டக் கூலி மாதிரி நினைத்துவிடுவார் என்ற பெருமைக் குணம் என்று நான் முடிவு கட்டினேன். சொல்லவில்லை.

குதிரை எரு உவரை முறிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என்னவர் ஒரு கிழமை பயிற்சிக்கென்று கொழும்பு போயிருந்த நேரம், ஐயா நாலு சாக்கோடு நெடுந்தீவுக்குக் கப்பலேறினார். அங்கே வெளியில் குதிரைகள் கேட்பாரற்றுத் திரிகின்றன. ஆனால் சாக்கோடு ஒருவர் பின்னால் வந்தால் பிடிக்கத்தான் வருகிறார் என்று குதிரைக்குத் தெரியாதா? இவர் நடக்க அது நடந்தது; இவர் நிற்க அது நின்று திரும்பிப் பார்த்தது. பொழுது முழுக்க நெடுந்தீவு வெயிலில் குதிரைகளுக்குப் பின்னால் கும்பிடாத குறையாய் நடந்து, நாலு சாக்கில் மூன்றை நிரப்பிக்கொண்டு வந்தார். திரும்பி வருகிற படகில் நேர்த்திக்கடன் முடித்துப் போகிற ஒரு குடும்பம், சாக்கில் என்ன என்று கேட்டதாம். "மகளின்ரை சீதனம்," என்றாராம். இதை அவர் என்னிடம் சிரிக்காமல் சொன்னார். நான் அன்று அவரோடு கதைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மூன்றாம் வருடம் வெங்காயம் நெல்லிக்காயளவு வந்தது. ஐந்தாம் வருடம் மிளகாய் நின்று காய்த்தது. கிண்டினால் மண்புழு. என்னவர் தன் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டுவார். "எல்லாம் கடிதம் சொன்னபடிதான்," என்பார். ஐயா வரம்பில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு கால்விரலால் மண்ணைக் கிளறுவார்.

இதற்குள் என்னவருக்குக் கந்தோரில் ஒரு தலையிடி வந்தது. சிங்களம் படித்துச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு. ஐம்பத்தாறோடு வந்த தனிச்சிங்களச் சட்டம், ஒவ்வொருவராய்ப் பிடித்து வந்து இவரையும் பிடித்தது. நடு அறையில்தான் விளக்கு நன்றாக எரியும் என்று, இவர் கடிதத்துக்கு நேர் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு அரிச்சுவடி படித்தார். அம்மாவும் நானும் அவர் பாஸ் பண்ண அம்மனுக்கு நேர்ந்தோம். ஐயாவும் ஒவ்வொரு செவ்வாயும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். எதற்கென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது: இவர் பெயில் விடவேண்டும்.

"ஏன் தம்பி இப்பிடி உடம்பைக் கெடுக்கிறீர்?" என்று விளக்கைச் சின்னதாக்குவார். "இருக்கிற சம்பளம் காணும்தானே? விளைச்சலும் வருகுதுதானே?" இரண்டு தரம் என்னவர் பெயில். இரண்டு தரமும் ஐயா பாயசம் வைக்கச் சொன்னார், மருமகனைத் தேற்ற என்று. மூன்றாம் தரம் பாஸ். அன்று ஐயாவுக்குக் காய்ச்சல்.

அம்மா சும்மா இருப்பாரா? குத்துவிளக்கு ஏற்றி, ஒழுங்கைச் சனத்தையும் கூப்பிட்டு, மருமகன் இப்போது கடிதத்தை வாசிப்பார் என்று அறிவித்துவிட்டார். ஐயா போர்வையோடு எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கடிதத்துக்கு முன் நின்று, முதலில் சிங்களத்தில் மெல்ல வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"இது மிக நல்ல மண். உரியவர் இதனை மிகுந்த பாடுபட்டுப் பேணி வருகிறார். அவருக்கு எங்கள் பாராட்டுகள்."

சனம் கை தட்டியது. நான் அழுதேன், ஐயாவைப் பற்றி அரசாங்கம் இப்படி எழுதியிருக்கிறதே என்று உண்மையாகவே பெருமையாக இருந்தது. ஐயா மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார். அடுத்தநாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "பிள்ளை, தம்பிக்குச் சிங்களம் வடிவாத் தெரியுமோ? சோதினையிலை ஆரையும் பாத்து எழுதினவரோ?" என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. மருமகனின் படிப்பில் சந்தேகப்படுகிற மாமனாரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதற்குப் பிறகும் அவர் செவ்வாய்க்குச் செவ்வாய் தேங்காய் உடைப்பதை விடவில்லை. மருமகனுக்குச் சிங்களம் தெரியாதென்பது கந்தோரில் பிடிபடக்கூடாது என்று.

எனக்கு இருந்த பெரிய மனத்தாங்கல் இது எதுவுமல்ல. பஸ். கலியாணமாகி இரண்டாம் வருடம் என்னவர் ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டு ஆறரை பஸ்ஸில் வரத் தொடங்கினார். கேட்டால், "கந்தோரிலை வேலை கூட." சில வருடத்தில் அது ஏழரை பஸ் ஆயிற்று, கடைசி பஸ். பக்கத்து வீட்டுக் கிளாக்கர் அதே கந்தோர். அவர் ஐந்தரைக்கே வந்து பிள்ளைகளோடு இருப்பார். நான் சண்டை பிடித்தேன். அழுதேன். யாழ்ப்பாணத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றுகூடக் கேட்டேன், என் வாயால். "நீர் என்னத்தையும் நினைச்சுக்கொள்ளும்," என்றார். பிள்ளைகள் தகப்பனைப் பார்க்காமலே நித்திரையாகிவிடுவார்கள். அந்த வருடங்களில் நான் அவருக்குச் சோறு போடுகிற சத்தத்திலேயே என் கோபம் கேட்கும்.

எண்பதுகள் பிறந்துவிட்டன. ஊருக்கு ஒரு புதிய போதனாசிரியர் வந்தார், மோட்டார் சைக்கிளில். அவரும் துணிப் பைதான் கொடுத்தார். ஐயாவுக்கு அப்போது எழுபத்தைந்துக்கு மேல். நாலு கடகம் எரு சுமக்க ஒரு பின்னேரம் வேண்டியிருந்தது. பையைக் கண்டதும் என்னவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர்தான் எடுக்கவேணும். ஒன்பது இடம், ஒரு சாண் ஆழம். ஒண்டும் சேர்க்கக்கூடாது, ஒண்டும் எடுக்கக்கூடாது."

சனிக்கிழமை இரண்டு பேரும் காணிக்குப் போனார்கள். என்னவர் கிண்டினார், ஐயா சாண் போட்டு அளந்தார். கலந்து, நிழலில் உலர்த்தி, ஈ குந்தாமல் ஐயா பக்கத்திலேயே இருந்தார். அரிக்கவில்லை. வறுக்கவில்லை.

மறுமொழி வரும் வரைக்கும் ஐயா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் வந்தது. அச்சடித்த படிவம், இந்தத் தரம் தமிழிலும். கடிதமல்ல என்று அம்மாவுக்கு ஒரே ஏமாற்றம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஐயாவுக்குக் கண் மங்கிவிட்டதால் என்னவர் கையில் வாங்கினார். ஐயா கதிரையின் நுனியில் இருந்தார்.

"தம்பி, முதல் வரியிலை என்ன போட்டிருக்கு? மண் எண்டு போட்டிருக்கோ?"

என்ன பைத்தியக்காரக் கேள்வி என்று நான் நினைத்தேன். மண் அனுப்பினால் மண் என்றுதானே போடுவார்கள்? என்னவர் சிரிக்கவில்லை. ஐயாவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, விரலை வைத்துக் காட்டினார்.

"ஓம் மாமா. அனுப்பிய பொருள், மண். மண் எண்டுதான் போட்டிருக்கு."

ஐயா முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. என்னவர் மெதுவாக மற்றதையும் வாசித்தார். உப்பு, குறைவு. சேதனப் பொருள், அதாவது எருச்சத்து, நடுத்தரம். சிபாரிசு, சேதனப் பசளை தொடர்ந்து இடவும்.

"நடுத்தரம்," என்றார் ஐயா துவாய்க்குள் இருந்து. "நடுத்தரம் எண்டோ போட்டிருக்கு!" என் பிள்ளைகள் முதலாம் பிரிவில் பாஸ் பண்ணியபோதுகூட அவர் அப்படிச் சொன்னதில்லை. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு என்னவரைப் பார்த்தார். "அப்ப நீர் அண்டைக்கு வாசிச்சது... நான் நினைச்சன் உமக்குச் சிங்களம் தெரியாதெண்டு."

"தெரியாதெண்டே வைச்சுக்கொள்ளுங்கோ மாமா."

"நயினாதீவிலை அந்தப் பிக்கு மூண்டு தரம் வாசிச்சவர் தம்பி. தமிழ் கொஞ்சம்தான் வரும் அவருக்கு. ஆனால் சிரிக்கேல்லை. தேத்தண்ணி தந்துதான் அனுப்பினவர்."

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எனக்குச் சுவர்க் கடிதத்தை உள்ளபடி வாசித்துக் காட்டினார்கள். இருபது வருடம் பொட்டு வைத்த அம்மா, "ஆட்டெருவோ?" என்று ஒரு சொல்தான் கேட்டார், கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய் உரலில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயா எழுந்து போனதும் என்னவரைப் பிடித்துக்கொண்டேன். எப்போதிருந்து தெரியும்?

"கடிதம் அரிச்சுவடி படிக்கேக்கை. தோட்டம் அதுக்கு முதலே தெரியும்," என்றார். "ஒருநாள் பஸ் யன்னலாலை பாத்தனான். மாமா கோவணத்தோடை வரம்பிலை ஓடுறார், பஸ்ஸை முந்த. விழுந்து எழும்பித் திரும்பவும் ஓடுறார். அண்டைக்குத்தான் நினைச்சன், அடுத்த பஸ்ஸிலை வருவமெண்டு. பிறகு அவருக்கு நடை குறைஞ்சுபோச்சுது. அதுதான் ஏழரை."

"அந்த நேரமெல்லாம் எங்கை இருந்தனீங்கள்?"

"பஸ் ஸ்டாண்டிலைதான். வாங்கிலிலை குந்திக்கொண்டு."

அன்றிரவு சத்தமில்லாமல் அவருக்குச் சோறு போட்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

அடுத்தநாள் திங்கட்கிழமை. ஐயா காணியில் நின்று சாதாழை பரவிக்கொண்டிருந்தார். ஐந்தரை பஸ் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார், ஓடவில்லை. பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்றது. என்னவர் இறங்கி, நேரே காணிக்குள் வந்து, சேட்டைக் கழற்றி வேலிக் கதியாலில் போட்டுவிட்டு, மற்றக் கடகத்தைத் தூக்கினார்.